மேல என்றால் மேற்கு

அங்கே இருந்தவர்கள் சொல்லக் கேட்டதெல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காலையில் பொங்கலோடு கேசரியும் இருந்ததாக யாரோ சொன்ன ஞாபகம். கேசரி கிண்டவே இல்லை என்கிறாள் சமைத்த பரிபூரணம். ஓடையில் தண்ணீர் வந்தது மூன்று மணி வாக்கில் என்று நினைக்கிறேன். இரண்டுகூட ஆகவில்லை என்பவர்களும் உண்டு. ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, இந்த இரண்டும் நிச்சயம். தோப்புக் காவல்காரர் சமுத்திரம் கத்திய சொல்லும் நிச்சயம். அதை மட்டும் கேட்ட அத்தனை பேரும் ஒன்றுபோலத்தான் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில்தான் சண்டை.

பரிபூரணத்துக்கு வாரத்தில் ஆறு நாள் ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. வெளுத்து வரும் துணியை மடித்துச் சுருட்டிக் கட்டுவது. ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துத் தோப்பில் சமையல். தோப்பு அவர்களுடையது அல்ல. டவுனில் இருக்கும் ஒரு முதலாளியுடையது. அவள் வீட்டுக்காரர் சமுத்திரம் அதற்குக் காவல். மாவும் தென்னையும் நிற்கும் தோப்பு. வடக்கு ஓரத்தை ஒட்டிக் கன்னிமார் ஓடை. மலையிலிருந்து இறங்கிக் கிழக்கே போகிற ஓடை. வருஷத்தில் பத்து மாதம் அதில் பாறையும் மணலும்தான் கிடக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் அதைப் பாதையாகவே வைத்திருந்தார்கள்.

அந்தத் தோப்புக்கு விமல் வர ஆரம்பித்து இரண்டு வருஷம் இருக்கும். சென்னைக்காரன். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, மலையைப் பற்றிச் சொல்வதையே தொழிலாக ஆக்கிக்கொண்டவன். முதலாளியிடம் அனுமதி வாங்கி, ஞாயிறுதோறும் ஆட்களைக் கூட்டிவருவான். அதற்கு ‘இயற்கை நடை’ என்று பெயர். காட்டுக்குள் போவதில்லை. தோப்பையும் ஓடையையும் சுற்றிக் காட்டி, மலையை அண்ணாந்து பார்க்க வைத்துப் பேசுவான். நன்றாகப் பேசுவான். அதைப் பரிபூரணமே ஒப்புக்கொள்வாள். அடுப்பில் கிடப்பதை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். பிறந்ததிலிருந்து தன் முதுகுக்குப் பின்னாலேயே நின்ற மலையைப் பற்றி அவளுக்கு யாரும் அப்படி எடுத்துச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது கல்லூரிப் பிள்ளைகள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து வந்த உள்ளூர்ப் பிள்ளைகள். மாமரத்தடியில் பாய் விரித்து வரிசையாக உட்கார வைத்து இலை போட்டாள். நடுவில் ஒரு பையன் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, செத்த மேல தள்ளி உக்காரு. அந்தப் பிள்ளைக்கு எலை போடணும்.”

அவன் மேற்கே நகர்ந்து உட்கார்ந்தான். எதிரில் இருந்த விமல் மரத்தின் உச்சியைப் பார்த்துவிட்டு, “மேலேன்னா எங்க அக்கா? கிளையிலயா?” என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“சார், இங்க மேலன்னா மலை இருக்குற பக்கம்” என்றான் அந்தப் பையன். சதீஷ் என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பையன். “எங்க அப்பாவுக்குச் சோறு வச்சா, குழம்பக் கெழக்க ஊத்தாத, மேக்க ஊத்துன்னுதான் சொல்வாரு. இந்து வீடு மேலத்தெருவுக்குக் கீழ இருக்கு. தபால்காரரே குழம்பிப் போவாரு.”

“ஏலே, எங்க வீட்டுக்குத் தபாலே வராதுலே” என்றாள் இந்து என்ற பெண்.

விமலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றான்.

“இதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன். மேற்குங்கிற சொல்லே மேல்ல இருந்து வந்ததுதான். கிழக்கு, கீழ்ல இருந்து. ஏன்னா நம்ம நாடு இந்த மலையில இருந்து கடல் வரைக்கும் சரிஞ்சு கிடக்கு. மலை இருக்கிற பக்கம் உசரம், அது மேல். கடல் இருக்கிற பக்கம் பள்ளம், அது கீழ். திசைக்குப் பேர் வச்சதே இந்த மலைதான். சென்னையில நாங்க அத மறந்துட்டோம். எங்களுக்கு மேலேன்னா மாடி. உங்களுக்கு இன்னும் மேலன்னா மலை. ஒரே சொல், ரெண்டு அர்த்தம். இத விட்டுறாதீங்க.”

பரிபூரணத்துக்குப் பெருமையாக இருந்தது. தான் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெருமையை நினைத்துத்தான் பிற்பாடு அவள் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரப்பட்டாள்.

கை கழுவிவிட்டு வந்த பிள்ளைகளிடம் விமல் மலையைக் காட்டிப் பேசினான். குஜராத் எல்லையில் தபதி ஆற்றுப் பக்கம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் என்றான். இமயமலை இதற்குத் தம்பி, இது எழுந்து நின்ற காலத்தில் அங்கே கடல்தான் கிடந்தது என்றான். நடுவில் பாலக்காட்டில் ஒரு பெரிய வாசல், நமக்குத் தெற்கே செங்கோட்டையில் ஒரு சின்ன வாசல், மற்றபடி ஒரே சுவர் என்றான். மலை உச்சியில் செங்குத்துப் பாறையில் வாழும் வரையாட்டைப் பற்றிச் சொன்னான். சாம்பல் நிற அணிலைப் பற்றிச் சொன்னான். பூனை அளவு இருக்குமாம். தரையில் கால் வைக்காமல் கிளைக்குக் கிளை தாவியே வாழ்ந்து முடித்துவிடுமாம்.

“புதுச் செருப்பு வாங்குனவன் மாதிரி” என்றான் சதீஷ்.

“ஆடி மாசம் அரபிக்கடல் மேகம் அந்தப் பக்கமே முட்டிக் கொட்டிடும். கேரளாவுக்கு மழை, நமக்குச் சாரலும் காத்தும்தான்” என்றான் விமல். “ஐப்பசியில கதை மாறிடும். வங்கக்கடல் மேகம் வந்து இந்தப் பக்கச் சுவர்ல முட்டும். இந்த இடத்துல மலை செங்குத்து. உச்சியில இருக்கிற புல்வெளியும் சோலைக்காடும் பஞ்சு மாதிரி தண்ணியக் குடிச்சு வச்சிருக்கும். அது நிரம்பிட்டா, அப்புறம் விழுற அத்தனையும் ஓடைக்குத்தான். இங்க வெயில் அடிக்கும். அங்க கொட்டிட்டு இருக்கும். அரை மணி நேரத்துல கீழ வந்துரும்.”

“அப்ப இன்னைக்கு வருமா சார்?” என்று இந்து கேட்டாள்.

விமல் போனைப் பார்த்தான். “ராஜபாளையத்துல மழை இல்லன்னு போட்டிருக்கு.”

“மலையில?”

“மலைக்குத் தனியா யாரும் போடறதில்லம்மா.”

அப்போதுதான் சமுத்திரம் தோளில் கம்போடு வந்தார். முந்தின வாரம் யானை தள்ளிவிட்ட சோலார் வேலியைப் பார்க்கப் போகிறவர், போகிற போக்கில் நின்று, அந்த யானைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, பிறகு சொன்னார்.

“மேல கறுத்துக் கெடக்கு சார்.”

விமல் மலைப் பக்கம் திரும்பவில்லை. தலையை நேராகத் தூக்கி உச்சி வானத்தைப் பார்த்தான். ஒரு துண்டு மேகம் இல்லை. “மேல நீலமாத்தானே இருக்கு, அண்ணே?” என்றான்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போதுதானே கற்றுக்கொண்ட வேடிக்கை. சமுத்திரமும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே தோப்பின் தென்மேற்கு மூலைக்குப் போனார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. பரிபூரணம் அதையும் மன்னிக்கவில்லை.

மதியச் சாப்பாடு ஆனதும் பிள்ளைகள் ஓடைக்குள் இறங்கினார்கள். விமலும் கூடவே இறங்கினான். பாறைகளில் பரவி உட்கார்ந்தார்கள். பரிபூரணம் கொட்டகைக்குப் பின்னால் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். அப்போது சமுத்திரத்தின் குரல் தோப்புக்குள்ளிருந்து வந்தது. அவர் வரப்பில் ஓடிவந்துகொண்டிருந்தார். மரங்களுக்கு நடுவே ஆள் சரியாகத் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

“மேல போங்க. ஏய், மேல போங்க. வெரசா மேல போங்க.”

பரிபூரணம் அண்டாவை விட்டுவிட்டு எழுந்து மேற்கே பார்த்தாள். மலையின் பாதியைக் காணோம். சாந்து அப்பினது போலக் கறுத்திருந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டது. கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக இறங்கி வருவது போன்ற சத்தம். அவள் ஓடை வரப்புக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஓடையில் பாறைகள் இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் மரங்களை உருட்டிக்கொண்டு போனது. எதிர்க்கரையில் விமல் நின்றிருந்தான். காலில் மண்கூட ஒட்டவில்லை.

பிள்ளைகள் ஓடைக்குள்ளேயே மேற்கே ஓடியிருந்தார்கள். தண்ணீர் வரும் திசையை நோக்கி. கொஞ்ச தூரத்தில் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கும் ஓர் இடுக்கு இருந்தது. பின்னால் ஓடியவர்கள் சத்தம் கேட்டதும் ஆலம்வேரைப் பிடித்துக் கரை ஏறிவிட்டார்கள். இந்துவின் கால் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கி முறிந்தது. அவளை இரண்டு பேர் இழுத்துப் போட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடிய சதீஷ் இடுக்குக்குள் போயிருந்தான். மறுநாள் காலையில் கண்மாய்க் கரையில் கருவேலம்புதருக்குள் கிடைத்தான்.

ஊர் இரண்டே நாளில் தீர்ப்பு சொல்லிவிட்டது. தோப்புக்காவல்காரன் பிள்ளைகளை மேற்கே ஓடச் சொன்னானாம். தண்ணீர் வருகிற பக்கமே விரட்டிவிட்டானாம். குடித்திருந்தானாம். சமுத்திரம் வாழ்நாளில் குடித்ததில்லை. கம்பெனியில் பரிபூரணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கும் வெங்கடேஸ்வரி, “அண்ணன் பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டாரு போல” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். பரிபூரணம் கையில் இருந்த சுருளை மேஜையில் வைத்துவிட்டு, “மாத்திச் சொல்லல. சொன்னது மேலதான்” என்றாள். அவளுடைய குரலில் இருந்ததைக் கேட்டு நாலு மேஜை தள்ளி இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் விமல் பெயரையும் சமுத்திரம் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். ஸ்டேஷனிலிருந்து திரும்பிய நாளிலிருந்து சமுத்திரம் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். கூப்பிட்டால் திரும்புவார். பதில் வராது. சுவரில் சாய்ந்து, மலை தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பரிபூரணம் முதலில் அழுதாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு வேறு எதுவும் வரவில்லை.

“கரை ஏறுன்னு ஒரு சொல்லு உங்க வாயில வரலியா? தண்ணி வருதுன்னு ஒரு சொல்லு? எம்புட்டுச் சொல்லு இருக்கு. ஏறுங்கலே நாய்களான்னு வைஞ்சிருந்தாக்கூட அந்தப் பிள்ள ஏறியிருக்குமே.”

அவர் தரையைப் பார்த்தார்.

“நீங்க கரை ஏறத்தான சொன்னீக? எங்கிட்டயாவது சொல்லுங்க.”

அவர் தலையை மட்டும் அசைத்தார். ஆமாம் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அந்த அசைப்பில் வேறொன்றும் இருந்தது. அவர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. நீ என்னவென்று எடுத்துக்கொண்டாய்? அவள் அந்தக் கேள்வியைத் தானே தனக்குள் கேட்டு, தானே பதிலை விழுங்கிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள், அவர் குரலைக் கேட்டதும் எழுந்து மலையைத்தான் பார்த்தாள். கரையைப் பார்க்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் முதலாளியின் கணக்குப்பிள்ளை வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

“இன்ஸ்பெக்டர் வேலூர்ப் பக்கத்துக்காரரு. அவருக்கு மேலன்னா ஒசரம்தான். நீங்களும் அதையே சொல்லுங்க. மேலன்னா ஏறுன்னுதான் அர்த்தம், எனக்கும் அப்பிடித்தான் கேட்டுச்சு, பிள்ளைக பயத்துல தப்பா ஓடிட்டாகன்னு. அம்புட்டுத்தான். உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் வராது.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவள் சரி என்றும் சொன்னாள். ஆனால் அவர் போனபிறகு, தப்பாக ஓடிய பிள்ளை என்ற சொல் வாயில் மண் மாதிரி நறநறத்தது. மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போகும் முன் அவள் மட்டும் மடவார் வளாகத்துக்குப் போனாள். எதற்குப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சதீஷின் அப்பா பாண்டிச்செல்வம் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவளை அவருக்குத் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“வெயிலு அடிக்குதுல்லா. செத்த மேல தள்ளி உக்காருங்க” என்றார்.

அவள் மேற்கே நகர்ந்து உட்கார்ந்தாள்.

நகர்ந்த பிறகுதான் அது எந்தச் சொல் என்று இருவருக்கும் உறைத்தது. பாண்டிச்செல்வம் தன் கையைப் பார்த்தார். அவள் தெருவைப் பார்த்தாள். யாரோ காற்றடிக்க வந்து, பம்பைத் தானே எடுத்து அடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர்த் தொட்டியில் டியூபிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

“எம்பையன் சொன்ன சொல்லு கேப்பாம்மா” என்றார் அவர் கடைசியில். “மேல போன்னா மேக்கதான் போவான். அப்பிடித்தான வளத்தோம். வேகமா ஓடுவான். பள்ளிக்கூடத்துல ஓட்டத்துல கப்பு வாங்குனவன்.”

அவள் எழுந்தாள்.

ஸ்டேஷனில் விமல் வக்கீலோடு வந்திருந்தான். முகம் வாடித்தான் இருந்தது. அவனுக்கும் தூக்கம் இல்லை என்பது தெரிந்தது. அது பரிபூரணத்துக்கு இன்னும் எரிச்சலைத்தான் கிளப்பியது. இந்து கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் இருந்தாள். பாண்டிச்செல்வம் கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்னால் நின்றார். சமுத்திரம் சுவரோரம் நின்றார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். பொறுமையாகக் கேட்டார். “எனக்கு ஒண்ணு புரியல. மேல போங்கன்னுதானே இவர் கத்தியிருக்கார். மேலன்னா மேல. கரை மேல ஏறணும். அந்தப் பசங்க ஏன் ஓடைக்குள்ளயே ஓடினாங்க?”

“யானைன்னு நெனச்சோம் சார்” என்றாள் இந்து. “காலைலதான் யானை வேலியத் தள்ளுன கதை கேட்டோம். வெயில் அடிச்சுச்சு, தண்ணின்னு தோணவே இல்ல. மேல போங்கன்னதும் மேக்க ஓடுனோம்.”

“அதாம்மா. மேலன்னா ஏன் மேற்க ஓடணும்?” இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். “பதட்டத்துல பசங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. வேற என்ன?”

பின்னாலிருந்து பாண்டிச்செல்வம் கேட்டார். “அப்ப எம்பையன் கூறு கெட்டவன், அதான் செத்தான்னு எழுதிக்கிடுதீகளா?”

அப்போது விமல் தொண்டையைச் செருமினான்.

“சார், நான் ஒண்ணு விளக்கலாமா? இந்த வட்டாரத்துல மேலன்னா மேற்குன்னு அர்த்தம். மேற்குங்கிற சொல்லே மேல்ல இருந்து வந்ததுதான். நிலம் மலையில இருந்து கடலுக்குச் சரியறதால அப்படி. இவங்க பந்தியில நகர்ந்து உக்காரச் சொல்றதுக்குக்கூட மேல தள்ளுன்னுதான் சொல்வாங்க. பசங்க இந்த ஊர்க்காரங்க. காவல்காரர் சொன்னதச் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. சொன்னது தப்பு. நான் வெளியூர்க்காரன், எனக்கு மேலன்னா உயரம். அதனால நான் கரை ஏறிட்டேன். ஏறி நின்னு பாக்குறேன், அவங்க எல்லாம் மேற்கால ஓடிட்டு இருந்தாங்க. காவல்காரர் கரை ஏறுன்னு சொல்லியிருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.”

வக்கீல் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவாரஸ்யமான விஷயம்தானே. மரத்தடியில் கேட்டபோது அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

“ஏம்மா, நீங்க சொல்லுங்க. அவர் கத்தினப்போ உங்களுக்கு என்னன்னு பட்டுச்சு?”

பரிபூரணம் சமுத்திரத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் திரும்பிப் பாண்டிச்செல்வத்தைப் பார்த்தாள். ஏறச் சொன்னதாகத்தான் பட்டது என்று அவள் சொன்னால் புருஷன் தப்பிவிடுவார், அந்தப் பையன் மடையனாகி விடுவான். மேற்கு என்று சொன்னால் பையன் தப்பிப்பான், புருஷன் மாட்டுவார். இன்ஸ்பெக்டர் அவளை அவசரப்படுத்தவில்லை.

“நானும் மேக்கதான் பாத்தேன் சார்” என்றாள்.

சமுத்திரம் தலையை நிமிர்த்தினார். பல நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். விமலின் வக்கீல் எதையோ குறித்துக்கொண்டார்.

“எந்தப் பிள்ளையும் தப்பா ஓடல. எங்க ஊருல மேலன்னா மேக்கதான். ஓடைக்குள்ள நிக்கையில மேலன்னா கரையும்தான். எங்க வீட்டுக்காரருக்குப் பதட்டத்துல கரை தோணுச்சு. பிள்ளைகளுக்கு மேக்கன்னு தோணுச்சு. எனக்கும் அப்பிடித்தான். அவுகவுகளுக்கு ஒரு அர்த்தம்தான் தோணுச்சு.” அவள் விமல் பக்கம் திரும்பினாள். “நீங்க இப்ப சொன்னீகளே, மேலன்னா மேக்குன்னு. இத எப்ப தெரிஞ்சுக்கிட்டீக? இங்க ஸ்டேஷனுக்கு வந்த பொறவா?”

விமல் வக்கீலைப் பார்த்தான்.

“அன்னைக்குக் காலைல எந்திரிச்சு நின்னு சொன்னீக. பாதிச் சோத்துல. ஒரே சொல்லு, ரெண்டு அர்த்தம், விட்டுறாதீங்கன்னு. அவிய வந்து மேல கறுத்துக் கெடக்குன்னாக. நீங்க மேக்கத் திரும்பல, உச்சி மானத்தப் பாத்தீக. தெரியாம இல்ல, வெளையாட்டுக்கு. மழை அங்க பெய்யும், வெயிலு இங்க அடிக்கும், அரை மணி நேரத்துல வந்துரும்னும் நீங்கதான் சொன்னீக. அம்புட்டும் உங்களுக்குத் தெரியும். கரையில ஏறி நின்னு, அவுக மேக்க ஓடுறதப் பாத்தேன்னு இப்ப உங்க வாயால சொல்லுதீக. அந்த ஓடையில அந்நேரம் ரெண்டு அர்த்தமும் தெரிஞ்சு நின்னது நீங்க ஒருத்தருதான். ஏலே சதீசு, அங்கிட்டுப் போகாதன்னு ஏன் கூப்பிடல?”

அவள் குரல் உயரவே இல்லை. அதனால்தானோ என்னவோ வெளியே பெஞ்சில் இருந்த ஏட்டுகூட எழுந்து வாசலுக்கு வந்து நின்றார்.

“எல்லாம் ரொம்பச் சீக்கிரம் நடந்துருச்சு அக்கா” என்றான் விமல்.

“நான் திரும்பிப் பாத்தேன் சார்” என்றாள் இந்து. அவள் விமலைப் பார்த்துத்தான் சொன்னாள், இன்ஸ்பெக்டரை அல்ல. “நீங்க கரையில நின்னு எங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நீங்க ஒண்ணும் சொல்லல. அதனால நாங்க ஓடுறது சரின்னு நெனச்சேன்.”

அவ்வளவு பேசுகிற விமலுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வக்கீல் அவன் முழங்கையைத் தொட்டார். இன்ஸ்பெக்டர் பேனாவை மறுபடி திறந்து, “நீங்க சொன்னத முதல்ல இருந்து ஒரு தடவை சொல்லுங்கம்மா” என்றார். பரிபூரணம் சொன்னாள். பந்தியில் இலை போட்டதிலிருந்து சொன்னாள்.

வெளியே வந்ததும் பாண்டிச்செல்வம் சமுத்திரத்தின் அருகில் வந்து நின்றார். இரண்டு ஆண்களும் எதிரெதிரே நின்றார்கள். ஒரு பஸ் போய் அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. பிறகு சமுத்திரம், “தண்ணின்னு சொல்லியிருக்கணும்” என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. பாண்டிச்செல்வம், “ஆமா” என்றார். சொல்லிவிட்டு நடந்து போனார்.

பரிபூரணத்துக்கு அப்போதும் கோபம் தணியவில்லை. தன் புருஷன் மேல், பெருமைப்பட்ட தன் மேல், சென்னைக்காரன் மேல், நீலமாக இருந்த வானத்தின் மேல். பஸ்ஸில் ஜன்னலோரம் மலை கூடவே வந்தது. அவள் எழுந்து மறுபக்கச் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சமுத்திரத்தின் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட்டு அவரைச் சாட்சியாகப் போட்டார்கள். தோப்புக் காவலை விட்டுவிட்டார். இப்போது தளவாய்புரத்தில் ஒரு மில் கேட்டில் இருக்கிறார். இந்துவுக்குக் கால் கூடிவிட்டது, வேகமாக நடந்தால் மட்டும் லேசாகச் சாய்வாள். படிப்பை முடித்து மதுரையில் வேலை பார்க்கிறாள். பாண்டிச்செல்வம் கடையைத் திறந்து வைத்திருக்கிறார். விமல் ஜாமீனில் இருக்கிறான். இந்தப் பக்கம் வருவதில்லை, வேறு ஏதோ மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தோப்பில் இப்போது யாருக்கும் சமைப்பதில்லை. பரிபூரணம் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிக்குப் போகிறாள்.